பகலில் எரியாத விளக்கு

— ஒரு விரிசலுக்கு மேப்புல எத்தனை தடவை சார் புள்ளி வெப்பீங்க?

— தப்பா மேடம்? இடிஞ்சது, விரிஞ்சது எது கண்ணுல பட்டாலும் படம் எடுத்து அனுப்புங்கன்னு உங்க கார்ப்பரேஷன் மொபைல் ஆப்லதான் போட்டிருக்கு.

— அனுப்பலாம். வாராவாரம் ஞாயித்துக்கிழமை அதே சுவரையே அனுப்பினா? மேப்புக்கு அது ஒரே விரிசல்னு தெரியுமா? வாரத்துக்கு ஒண்ணு புதுசா விரியுதுன்னு எடுத்துக்கிச்சு. இப்ப கட்டடமே சிவப்பாயிடுச்சு, பாருங்க.

— சிவப்புன்னா?

— ஆபத்து. குடியிருக்கறவங்க எல்லாரும் காலி பண்ணணும். நாளைக்கு நோட்டீஸ் போகுது.

— ஐயையோ, அதெல்லாம் வேணாம் மேடம். அது சும்மா மேல்பூச்சு விரிசல். அழிச்சு விட்டுடுங்க.

— அழிக்கறதுக்கு இது என்ன சிலேட்டா? அந்தத் தெருவே எங்களுக்குத் தலைவலி சார். இன்னொருத்தங்க என்னடான்னா, தெருவிளக்கு எரியலன்னு காலைல பத்து மணிக்குப் படம் அனுப்பறாங்க. பத்து மணிக்கு எந்த ஊர்ல விளக்கு எரியும்?

— யாரோ பொழுது போகாத ஆளு.

— நீங்க மட்டும் என்னவாம்? உங்க தையல் கடை இருக்கறது ஊருக்கு அந்தக் கோடியில. கிடைக்கறது ஒரு நாள் லீவு. அதுல ரெண்டு பஸ் மாறி வந்து யார் வீட்டுச் சுவரையோ படம் எடுக்கறீங்க. அதுவும் விரிசல் படத்தோட ஓரத்துல இருக்கு. நடுவுல இருக்கறது மூணாவது மாடி பால்கனி.

— அது வந்து...

— சொல்லுங்க சார். நான் ஒண்ணும் போலீஸ் இல்ல.

— என் தங்கச்சி வீடு மேடம். அம்மா கடைசி வரைக்கும் என்கிட்டதான் இருந்தாங்க. அவங்க போன அன்னிக்கு, இன்னும் எடுக்கக்கூட இல்ல, அத்தனை பேர் முன்னாடியும் "நீ சரியாப் பாத்துக்கல"ன்னுட்டா. எனக்கு மனசே ஆறல. செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

— மிதிக்கல.

— மிதிக்கல. ஆனா பாக்காமயும் இருக்க முடியல. எதிர்ப்பக்கம் நின்னு பாப்பேன். கொடியில துணி காஞ்சா ஆள் நல்லா இருக்கான்னு வெச்சுக்குவேன். ஒருநாள் வாட்ச்மேன் வந்து, யாருய்யா நீ, அங்க என்ன பாக்கறேன்னான். சட்டுனு போனைத் தூக்கி, விரிசலைப் படம் எடுக்கறேன்னேன். சொன்னது பொய்யாயிடக் கூடாதேன்னு அனுப்பியும் விட்டேன்.

— பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

— அவ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவா மேடம்? ஏதாவது பண்ணுங்க. கால்ல வேணா விழறேன்.

— என் கால்ல விழுந்து என்ன ஆகப்போகுது? அதே சுவரை வீட்டுக்குள்ள இருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்க. விரிசல் உள்பக்கம் வரலன்னா நோட்டீஸை நிறுத்தி வெச்சு, இன்ஜினியரை மட்டும் அனுப்பறேன். ஆனா புள்ளி வெச்சவர் போன்ல இருந்துதான் அது வரணும்.

— அப்ப நான்தான் உள்ள போகணுமா?

— வாசப்படியை மிதிச்சுத்தான்.

— வாக்கு கிடக்கட்டும் மேடம், அதை முழுங்கிக்கறேன். அவ கதவைத் திறக்கணுமே. என் முகத்துலயே முழிக்க மாட்டேன்னவ அவ.

— கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து ஸ்கிரீனைப் பாருங்க. பத்து மணி விளக்குன்னு சொன்னேனே, அந்தப் படம். அனுப்பினது யாருன்னு நான் சொல்லக்கூடாது. எங்க இருந்து எடுத்ததுன்னு நீங்களே பாருங்க.

— மேல இருந்து எடுத்திருக்கு. கம்பி தெரியுது... இந்தக் கொடி... மேடம், இது...

— அதுவும் வாராவாரம் ஞாயித்துக்கிழமைதான் வருது. நாங்க இத்தனை நாளா விளக்கையே பாத்துக்கிட்டு இருந்துட்டோம் சார். கம்பத்துக்குக் கீழ போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது யாருன்னு பாருங்க.