கப்பல்காரன் கொடுத்த வெற்றிலை

நடுச்சாமம் தாண்டிய நேரம். அரியலூர் ஸ்டேஷனிலிருந்து கீழப்பழுவூர் போகிற ரோடு. யுத்த காலம், மண்ணெண்ணெய்க்கு ரேஷன்... வண்டிக்கடியில் லாந்தர்கூட இல்லை. கிட்ட வந்து உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. நான் சொல்வதில் முக்கால் பங்கு நிஜம். மீதிக் கால் பங்கு அதைவிட நிஜம்.

என் சிநேகிதன் சிவசுப்பிரமணியனுடைய பெரியப்பா சிங்காரவேலு. விடிந்தால் தங்கை புஷ்பவல்லிக்கு நிச்சயதார்த்தம். ரயிலில் வந்த வெற்றிலைக் கூடையை ஏற்றிக்கொண்டு ஒற்றை ஆளாக மாட்டு வண்டி ஓட்டி வருகிறார். ஒரு கையால் காளையையே தூக்கிவிடுகிற ஆள். சரி, கன்றுக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று மாடுகள் நின்றுவிட்டன. மூக்கு விடைக்கிறது... காது துடிக்கிறது... ஓர் அடி நகரவில்லை. கருவாட்டு வாடை. அதோடு தார் வாடை. ரோட்டோரம் ஒரு மனிதன். வேட்டி நுனியிலிருந்து சொட்... சொட்... அந்த வருஷம் நம் சீமையில் காக்கை குளிக்கக்கூடத் தண்ணீர் கிடையாது!

"நாகப்பட்டணத்துலேருந்து வரேங்க. செத்த ஏத்திக்குங்க."

ஏறினது ஒருத்தன்தான். ஒரு ஊரே ஏறின மாதிரி வண்டி பின்னால் சாய்ந்தது.

"என்னங்க, கருங்கல்லா திங்கிறீங்க?" என்று சிரித்தார் சிங்காரவேலு.

"தண்ணி குடிச்சேங்க... நெறைய."

தோளுக்கு மேலாக ஒரு கை வெற்றிலை பாக்கை நீட்டியது. நீட்டியதை வேண்டாம் என்றால் மரியாதையா? வாங்கி மென்றார். உப்புக் கரித்தது. பதில் மரியாதைக்குத் தன் கூடையிலிருந்து நாலு வெற்றிலை எடுத்துக் கொடுத்தார்.

"வெத்தலை மாத்திக்கிட்டோம். இனிமே வாக்கு மாறக் கூடாதுங்க."

"என்ன வாக்கு?"

"தாது வருசப் பஞ்சத்துல வெத்தலை குடுத்து மொரீசுத் தீவுக்கு ஆள் சேத்துக் கப்பலேத்துனவன் நான். பாய்மரம் முறிஞ்சு கப்பல் முழுகினப்ப எல்லாரும் என்கூடவே இருந்தாங்க. ஒரே ஒருத்தரு நீந்திக் கரையேறிட்டாரு. ஆண்டவர்னு பேரு. அந்த எடம் இன்னும் காலியாவே கெடக்கு."

ஆண்டவர், சிங்காரவேலுவின் தாத்தா. சாகிறவரை வெற்றிலையைத் தொடாத மனிதர். கல்யாண வீட்டில் தட்டு வந்தால் எழுந்து போய்விடுவார். ஏனென்று பேரனுக்கு இப்போதுதான் புரிந்தது. துப்பினார்... காறிக் காறித் துப்பினார். சாறு தொண்டைக்குள் இறங்கிவிட்டதே!

இருபுறமும் காய்ந்த சோளக்கொல்லை. ஒரு தாள் அசையவில்லை. ஆனால் கயிறு முறுகுகிற சத்தம்... பாய் படபடக்கிற சத்தம்... இருட்டுக்குள் எங்கோ ஒரு குழந்தை இருமுகிறது.

"தங்கச்சிக்கு நாளைக்கு நிச்சயம்ங்க. அது மட்டும் முடியட்டும்."

"தாராளமா முடிச்சிட்டு வாங்க. அதான் வாக்கு இருக்குல்ல?"

வண்டி லேசாயிற்று. திரும்பினால் ஆளில்லை. வைக்கோல் மட்டும் சொதசொதவென்று.

நிச்சயம் ஜாம்ஜாமென்று நடந்தது. அன்று ராத்திரி வாசலில் படுத்தபடி சிங்காரவேலு தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தம்பி என்றால் சிவசுப்பிரமணியனின் அப்பா.

"ஏண்ணே, கள்ளு எந்தூருது?"

"சிரிடா, சிரி. தங்கச்சிகிட்ட மட்டும் மூச்சு வுடாதே. பாவம், சந்தோசமா இருக்கு."

விடிந்தபோது பாயில் அவர் இல்லை. பாயைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வந்ததாம். குடம் என்றது நானில்லை, சிவசுப்பிரமணியன். ஈரக் காலடிகள் கொல்லைக் கிணறு வரை போயிருந்தன. வற்றிக் கிடந்த கிணறு... விளிம்பு வரை அலையடித்துக்கொண்டிருந்தது. ஆள் இறக்கித் தேடினார்கள். முழுகியவர்கள் யாருக்கும் தரை தட்டவில்லை.

எல்லாரும் ஓய்ந்து போன பிறகும் புஷ்பவல்லி மட்டும் கிணற்றடியை விட்டு வரவில்லை. அழுதுகொண்டே வாளியை இறக்கினாள். கீழேயிருந்து யாரோ கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்கள்... அப்புறம் விட்டார்கள். மேலே தூக்கினாள். வாளித் தண்ணீரில் மடித்த வெற்றிலை. பச்சைப் பசேலென்று. நடுவில் பாக்கு.

"சின்னண்ணே! இங்க வந்து பாரேன்... பெரியண்ணன் எனக்குச் சீர் அனுப்பியிருக்கு!"

தம்பி வாசலிலிருந்து விழுந்தடித்து ஓடி வருவதற்குள் அதை வாயில் போட்டுக்கொண்டாள். "துப்பு! அய்யோ, துப்புடி!"

அண்ணன் சீரை யாராவது துப்புவார்களா? மென்று விழுங்கிவிட்டு, சின்னண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணே... உப்புக் கரிக்குது?"