மூணு மாசம் மூத்த கிடார்

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் தோளில் கிடார் பை, மற்றவர் கையில் கீபோர்டு பை. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது.

“இந்தக் கிடாரு என்னைவிட மூணு மாசம் மூத்தது. இனி சேட்டான்னுதான் கூப்பிடணும்” என்றார் கிடார்காரர்.

“அதெப்படிடா தெரியும்?”

“பழைய ஜப்பான் கிடாருடா. கம்பிக்குக் கீழ பிக்கப் இருக்குல்ல, சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புற காந்தக் கட்டை, அதைக் கழட்டித் திருப்பினா அடியில நம்பர் இருக்கும். முதல் நம்பர் வருஷத்தோட கடைசி எண், அடுத்த ரெண்டும் மாசம். காலையில கழட்டிப் பார்த்துட்டேன். முதல் நம்பர் ஏழு.”

“ஏழுன்னா அறுபத்தேழும் ஆகலாம்ல?”

“ஆகலாம். நான் பிறந்த எழுபத்தேழையே எடுத்துக்கிட்டேன்.”

“சரி, சத்தம் எப்படி?”

“சத்தம் வராது. திருப்புறப்ப உள்ள இருந்த வயரை அறுத்துட்டேன்.”

“எடா பாவி! சாயங்காலம் எறணாகுளத்துல கல்யாண ரிசப்ஷன். மேடையில என்ன பண்ணுவே?”

படகு வந்து முட்டியது. வரிசை நகர்ந்தது.

“போன கல்யாணத்துல ஸ்பீக்கர் வயரைச் சொருகவே மறந்துட்டுக் கடைசி வரைக்கும் வாசிச்சேன். முடிஞ்சதும் கையைக் குலுக்கி, ‘இன்னைக்குதாண்டா அசத்திட்டே’ன்னு சொன்னது நீதான்.”