ஸ்ரனிஸ்லாஸ் கிண்ணம்

அதுதான் சொல்ல வந்தேன், பிழை நாங்கள் மச்சில் விற்கிற மீன் ரோல்ஸில் இல்லை. எங்கள் கழகத்து ரோல்ஸ் இப்போதும் நல்ல ரோல்ஸ்தான். முன்பு பிராண்டே அணியுடன் உதைபந்து மச் என்றால் இடைவேளைக்கு முன்பே பெட்டி காலியாகிவிடும். பிந்தி வந்த சனம் வெறும் கோப்பியைக் குடித்துக்கொண்டு எங்களைத் திட்டும். இப்போது ஒஸ்லோ அணி வந்து விளையாடிவிட்டுப் போனால், மிஞ்சியதை நாங்களே ஒரு கிழமை சூடுகாட்டிச் சாப்பிடுகிறோம். ஏன் இப்படி ஆனது என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முழுப் பதிலும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான், அதை யாருக்காவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

டிலக்சன் என்றால் டென்மார்க்கில் இக்காஸ்ட் தமிழர் கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். அணித் தலைவன் நான், போட்டி அட்டவணை போடுகிறவன் நான், நேரலையில் கத்துகிறவனும் நான். வேலை ஒரு களஞ்சியத்தில், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை முடிந்தால் லீக்குகள். உதைபந்தாட்டம் பிடிக்கும், ஆனால் யார் எந்த லீக்குக்கு மாறுகிறார்கள், யாரோடு யார் மோதுகிறார்கள் என்பது அதைவிடப் பிடிக்கும். அமெரிக்காவில் கல்லூரிகள் விளையாடும் அந்த முட்டைப் பந்து ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆட்டத்தை விடுங்கள், எனக்கும் அரைவாசிதான் விளங்கும். அவர்களுடைய லீக் மாற்றங்கள்தான் தேன். பசிபிக் கரையிலிருந்த பல்கலைக்கழகங்கள் பக்கத்து ஊர்ப் பழைய எதிரியை விட்டுவிட்டு, நாட்டின் மறுகரை வரை பறந்துபோய் விளையாடுகிற லீக்கில் சேர்ந்தன. எல்லாம் தொலைக்காட்சிக் காசு. பரம்பரை பரம்பரையாக முறைத்துக்கொண்டிருந்த சிலர் ஒரே கையெழுத்தில் அந்நியராகிவிட்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அந்த வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புல்லரிக்கும். நாங்களும் ஒரு நாள் அப்படி ஒரு வரைபடத்தில் வர வேண்டும். ஆசைப்பட்டதில் பிழை இல்லைத்தானே.

எங்களுக்கும் ஒரு பழைய எதிரி இருந்தது. இக்காஸ்டிலிருந்து பிராண்டே காரில் ஒரு எட்டுத்தான். அங்கே இருக்கிற தமிழரில் பாதிப்பேருக்குக் காற்றாலைத் தொழிற்சாலைகளில் வேலை, ஆகவே அவர்கள் காத்தாடியள். இக்காஸ்ட் பழைய நெசவு ஊர், எங்கள் அப்பாமார் வந்த புதிதில் அந்தக் காலுறை ஆலைகளில் நின்றவர்கள், ஆகவே நாங்கள் சொக்ஸ்காரர். அவர்கள் கோல் போட்டால் இரண்டு கையையும் விரித்துச் சுழற்றுவார்கள். நாங்கள் போட்டால் கிழிந்த சொக்ஸை மைதானத்துக்குள் எறிவோம். ஒரு டெனிஷ் நடுவர் ஒருமுறை அவற்றைச் சோடி சேர்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்து தந்தார்.

அந்த மச்சின் உயிர் தோய்ப்பில் இருந்தது. தோற்ற அணியின் தலைவன் அடுத்த நாள் வென்றவர்களின் ஊருக்குப் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, அழுக்கு ஜேர்சியை அவரவர் கையிலிருந்தே வாங்க வேண்டும். பைக்குள் போட்டு வாசலில் வைத்தால் செல்லாது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தருவார்கள், கூடவே நக்கலும் வரும், இரண்டையும் விழுங்க வேண்டும். பிறகு தோய்த்து, மினுக்கி, மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. ஆனாலும் ஒருவரும் இதிலிருந்து தப்பியதில்லை.

வருடக்கணக்காக நான்தான் தோய்த்துக்கொண்டிருந்தேன். காரணம் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை.

அவர் பிராண்டேயின் கீப்பர். மன்னாரிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவர். மனைவி விஜிதா அக்கா, மகள் ஹன்னா. ஹன்னா காதுக்குக் கம்பளி மூடி போட்டுக்கொண்டு கோலுக்குப் பின்னால் நின்று, பாலர் பாடசாலையில் பழகிய டெனிஷில் எங்களுக்குக் கட்டளை போடுவாள். அண்ணை நெடிய ஆள், கதை குறைவு. பெனால்டி அடிக்க வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பார். நக்கல் சிரிப்பு இல்லை, சுகமாக இருக்கிறாயா என்று கேட்கிற மாதிரியான சிரிப்பு. அதோடு அடிக்கிறவன் பந்தை வானத்துக்கு அடித்துவிடுவான். நானும் அடித்திருக்கிறேன். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும், இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடத்து ஓகஸ்டில் வழக்கம்போலத் தோற்று, வழக்கம்போல ஜேர்சி வாங்கப் போனேன். கடைசியாக அண்ணை வீடு. கதவைத் திறந்த விஜிதா அக்கா, அவர் வீட்டில் இல்லை என்றார்.

"கையிலை குடுத்தாத்தானே செல்லும் தம்பி. பேக்கரிக்குப் பின்னாலை போய்த் தட்டுங்கோ, அங்கதான் நிக்கிறார்."

போய்த் தட்டினேன். முழங்கை வரை மாவோடு அண்ணை வந்தார். என்னைக் கண்டதும் முகம் ஒரு கணம் வெளிறியது, பிறகு சிரித்தார். பையிலிருந்து ஜேர்சியை எடுத்துக் கையில் தந்தார்.

"மாணவர் விசாவிலை எனக்கு விட்ட மணித்தியாலம் எல்லாம் கிளீனிங் வேலையோட முடிஞ்சுது தம்பி. இது அதுக்கு மேலாலை செய்யிறது. கடைசி அரைவருசப் படிப்புக்குக் காசு கட்டோணும். இங்க கண்டதை இங்கயே விட்டிட்டுப் போங்கோ."

"நான் ஒண்டும் காணேல்லை அண்ணை," என்றேன்.

அவர் அடுப்பால் இறக்கிய கறுவா பணிஸ் ஒன்றைக் கடதாசியில் சுற்றித் தந்தார். நல்ல பணிஸ், அதை மறுக்க முடியாது. வீட்டுக்கு வந்து தோய்த்தபோதும் கவனமாகத்தான் தோய்த்தேன். மாவு பட்ட துணியைச் சுடுதண்ணீரில் போட்டால் பசையாகிவிடும், ஆகவே அவருடைய ஜேர்சியை மட்டும் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். அவ்வளவு மரியாதை.

மார்கழியில்தான் அந்தச் செய்தி வந்தது. அன்றைக்கு நான் களஞ்சியத்துக்குள் இரண்டு சுற்று ஓடினேன். ஒஸ்லோவிலிருந்து பீற்றர் அண்ணை என்ற ஒழுங்கமைப்பாளர் புதிய லீக் ஒன்று தொடங்குகிறார். ஒஸ்லோ, பேர்கன், ஸ்டொக்ஹோம், ஹம்பேர்க், கோபன்ஹேகன். நேரலை உரிமைக் காசில் எல்லோருக்கும் பங்கு, ஜேர்சிக்கு அனுசரணை, பயணத்துக்குப் பேருந்து. எங்கள் பக்கமான யூலன்டுக்கு ஒரே ஒரு இடம். மே மாதம் இக்காஸ்டும் பிராண்டேயும் மோதி, வெல்கிறவர் உள்ளே. உள்ளே போனவர் வெளி மச் விளையாடக் கூடாது, ஏனென்றால் கோடை முழுக்க லீக் ஆட்டம்.

எங்கள் கழகத் தலைவர் பூபாலசிங்கம் அண்ணைக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அப்ப காத்தாடியளோட மச் இல்லையோ? எடேய் தம்பி, ஒஸ்லோக்காரனை நான் என்னெண்டு நக்கலடிக்கிறது? அவன்ரை கொப்பன் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

நான் அவருக்கு அமெரிக்க வரைபடத்தைக் காட்டினேன். முதலில் எல்லோரும் இப்படித்தான் அழுவார்கள், பிறகு காசைப் பார்த்துப் பழகிவிடுவார்கள் என்று விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வெண்டால் பாப்பம் என்றார்.

அந்த "வெண்டால்" என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் நியாயமாகத்தான் யோசித்தேன். கூடப் பயிற்சி எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். புதிய முன்கள ஆட்டக்காரனைத் தேடலாம், ஸ்கீவ ஊரில் ஒருவனைக் கேட்டேன், அவனுக்கு முழங்கால் சரியில்லை. பழைய மச்சுகளின் வீடியோவை எல்லாம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாங்கள் நன்றாகத்தான் விளையாடியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்த இரண்டு நீளக் கை வந்துவிடுகிறது. ஆக எங்களுக்கும் அந்த வரைபடத்துக்கும் நடுவில் நின்றது பிராண்டே இல்லை, ஒரே ஒரு ஆள்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து காரில் இருந்தபடியே, இந்த விஷயங்களைப் பார்க்கிற அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என் டெனிஷ் நல்ல டெனிஷ், இங்கேயே பிறந்தவன். அவருடைய பெயர், பேக்கரி இருக்கிற இடம், எந்த நேரங்களில் நிற்பார் என்பதைச் சொன்னேன். ஒரு சொல் கூடக் கூட்டிச் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் நீங்கள் என்னைக் குறை சொல்லலாம். பேசிய பெண் மிகவும் பண்பானவர், என் பெயரைச் சொல்ல விருப்பமா என்று கேட்டார், தேவையில்லை என்றேன். நல்ல வார இறுதி அமையட்டும் என்றார். நானும் அப்படியே வாழ்த்தினேன். போகிற வழியில் கடையில் நின்று ரோல்ஸுக்குத் தகரத்தில் அடைத்த மீன் வாங்கினேன்.

நான் எதிர்பார்த்தது ஒரு எச்சரிக்கை, மிஞ்சினால் அபராதம். கொஞ்ச நாள் மனம் குழம்பி, மே மாதம் ஒரு பந்தையாவது விடுவார் என்று நினைத்தேன். அனுமதியையே எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் குடும்பமாக வெளியேறிவிட வேண்டும். படிப்பு முடிய ஓர் அரையாண்டுதான் இருந்ததாம். இதெல்லாம் அந்த அலுவலகத்தின் கணக்கு, என்னுடையது இல்லை. நான் சொன்னது மணித்தியாலங்களைப் பற்றி மட்டும்தான்.

மே மச்சை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இக்காஸ்ட் மைதானத்தில் நிற்க இடமில்லை, ரோல்ஸ் முதல் விசிலுக்கே முடிந்தது. பிராண்டேயின் அணித் தலைவன் ஜெனோஷன், முன்களத்தில் ஓடுகிறவன், வேறு ஆள் இல்லாமல் தானே கையுறை போட்டுக்கொண்டு கோலுக்குள் நின்றான். நான்கு அடித்தோம். மைதானம் முழுக்க சொக்ஸ். நான்காவதை நான்தான் அடித்தேன், அடித்துவிட்டுக் கோலுக்குப் பின்னால் ஓடினேன், அங்கே ஹன்னா நின்று கத்துவாளே, அந்த இடத்தில் புல் மட்டும்தான் இருந்தது. அதற்கும் ஒரு கணம் கைகாட்டினேன். பழக்கதோஷம்.

அடுத்த நாள் ஜெனோஷன் ஜேர்சி வாங்க என் வீட்டுக்கு வந்தான். முதன்முறையாக அவன் வாங்க, நான் கொடுக்க. எத்தனை நக்கல் சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பிறகுக்கு வைத்துவிட்டேன். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

"எங்கட ஆக்களிலை ஆரோதான் சொல்லியிருக்கினம் மச்சான்," என்றான். "சித்தப்பாவிலைதான் எனக்குச் சந்தேகம். வீட்டு வாடகை விசயத்திலை அண்ணையோட கொழுவினவர். நான் அவரோட இப்ப கதைக்கிறேல்லை."

"அவசரப்பட்டு ஒருத்தரையும் சொல்லாதை," என்றேன். நியாயமான புத்திமதி. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

போகும்போது அவன் பையிலிருந்து ஒரு சோடி கீப்பர் கையுறையை எடுத்தான். சேறும் வியர்வையும் காய்ந்து விறைத்துப்போயிருந்தன.

"அண்ணை எயார்போட்டிலை தந்தவர். உன்ரை கையிலைதான் குடுக்கோணுமாம். டிலக்சன் இதைத் தோய்க்கட்டும் எண்டவர்."

"வேற என்ன சொன்னவர்?"

"வேற ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சவர்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை அணிகளில் இத்தனை ஆட்கள் இருக்க, என்னை நினைத்திருக்கிறார். ஆனால் பாவம், குழப்பத்தில் விதியை மறந்துவிட்டார். வென்றவன் தோய்ப்பதில்லை. ஆகவே அதை அப்படியே கழக அறையில், எங்கள் புதிய லீக் பட்டயத்துக்குக் கீழே கொழுவிவைத்திருக்கிறேன். கழக அறைக்கு வருகிற எல்லோரும் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். லீக்குக்குள் போனோம். கப்பலேறி ஒஸ்லோ போனோம், பேர்கனில் மழையில் நனைந்தோம், வரைபடத்தில் யூலன்டின் நடுவில் எங்கள் சின்னம். வருமானம் கூடியது, அதில் ஒரு பேச்சுமில்லை, நேரலைப் பங்கில் புதிய கோல் வலை வாங்கினோம். என்ன, எங்கள் மைதானத்துக்குத்தான் சனம் வருவதில்லை. ஹம்பேர்க் அணி எங்களைச் சொக்ஸ்காரர் என்று கூப்பிடுவதில்லை, அவர்களுக்கு எங்களைத் தெரியாது. பூபாலசிங்கம் அண்ணை ஒருமுறை வந்து, கோட்டோரம் நின்று, யாரையும் திட்டாமல் போய்விட்டார். பிராண்டேயில் அணி கலைந்தது. மச் இல்லாத கழகத்துக்கு யார் சந்தா கட்டுவார்கள்? ஜெனோஷன் உதைபந்தையே விட்டுவிட்டான். சித்தப்பாவும் அவனும் இன்னும் கதைப்பதில்லையாம்.

ஆகவே ரோல்ஸ் மிஞ்சுகிறது. இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். பெரிய மாற்றத்தில் சின்ன நட்டம் வரும், அமெரிக்காவிலும் வந்தது. ஆனால் நட்டத்தை அப்படியே விடுகிற ஆள் நான் இல்லை.

இப்போது நல்ல பகுதிக்கு வருகிறேன். பழைய மச்சைத் திரும்பக் கொண்டுவரப்போகிறேன். லீக் இடைவெளியில் ஒரு ஞாயிறு இருக்கிறது. பிராண்டேக்கு அணி இல்லைத்தான், ஆனால் எங்கள் இரண்டாவது அணிக்குப் பிராண்டேயின் நீல ஜேர்சியைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கையைச் சுழற்றவும் பழக்கிவிட்டேன். தோற்றவர் வென்றவரிடம் ஜேர்சி வாங்கித் தோய்க்கலாம், எல்லோரும் ஒரே ஊர் என்பதால் பெட்ரோலும் மிச்சம். கிண்ணத்துக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன்: ஸ்ரனிஸ்லாஸ் கிண்ணம். கையுறையின் படத்தை அதில் பொறிக்கக் கொடுத்திருக்கிறேன், அழுக்கோடு அப்படியே.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. மச் முடிந்ததும் பெரிய திரையில், மன்னாரிலிருந்து நேரலையாக, அண்ணையே வந்து வென்ற அணியை அறிவிக்க வேண்டும். அந்தச் சிரிப்போடு. நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சில தரம் அழைத்துப் பார்த்தேன், மணி போகிறது, எடுக்கவில்லை, அங்கே சிக்னல் சரியில்லைப் போலிருக்கிறது. இந்த ஞாயிறு திரும்ப எடுக்கப்போகிறேன், என் பெயரைக் கண்டால் கட்டாயம் எடுப்பார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?