அச்சுக்கு அஞ்சாத தண்ணீர்

தலைமை ஏற்றிருக்கும் பூபதி ஐயா அவர்களே, புதுச்சத்திரத்துப் பெருமக்களே, கணவர் இளவழகனாரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கலைமணி அம்மையாரே! சிவபெருமான் திருவடி தொழுது தொடங்குகிறேன். அழுவதற்காகத்தான் வந்தேன், சினம் முந்திக்கொள்கிறது. அறுபத்தெட்டு வயதில் அதை மறைப்பானேன்?

இயற்பியல் ஆசான் இளவழகனார்! எங்கள் விடுதிப் பள்ளியில் பதினேழு ஆண்டுகள் என் பக்கத்து நாற்காலிக்காரர். நான் தமிழ் நடத்துவேன். அவர் வாளியும் முட்டையும் உப்பும் சுமந்து வகுப்புக்குப் போவார். "இந்த முட்டை ஏன் முழுகுது? உப்பைப் போட்டா ஏன் மேல வருது? சொல்லுங்க சாமி!" என்பார். விடையைத் தாமாக ஒருநாளும் சொன்னதில்லை.

சென்ற அரையாண்டுத் தேர்வில் ஒரு வினா. தொட்டியில் படகு, படகில் கல். கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டால் தொட்டியின் நீர்மட்டம் என்னவாகும்? நிர்வாகம் அச்சிட்ட விடைக் கையேடு 'உயரும்' என்றது. நானூறு பிள்ளைகள் அதையே எழுதினார்கள். அபிநயா என்ற மாணவி மட்டும் 'குறையும்' என்று எழுதினாள். சுழியம் போட்டார்கள்! கோழிப்பண்ணையில் வேலை செய்யும் அவள் தாய் ஜோதி வந்து கேட்டார்: "ஏனுங்க, பண்ணையில நான் பொறுக்குற முட்டை பத்தாதுன்னு, எம்புள்ளைக்கு நீங்க வேற ஒண்ணு போட்டீங்களா?"

மறுநாள் ஆசிரியர் அறையில் இளவழகனார் ஓர் அண்டாவில் தண்ணீர் வைத்தார். அலுமினியச் சட்டியை மிதக்கவிட்டு, ஐந்து கிலோ எடைக்கல்லை அதில் ஏற்றினார். நீர் நின்ற இடத்தில் கோடு கிழித்தார். பிறகு கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் இட்டார். நீர் ஒரு விரற்கடை இறங்கிற்று! மிதக்கும் சட்டியில் இருக்கையில் கல் தன் எடைக்கு ஈடான நீரை விலக்குகிறது. அடியில் கிடக்கையில் தன் பருமனுக்கு ஈடான நீரை மட்டுமே விலக்குகிறது. எவ்வளவு தெளிவு!

தாளாளர் எட்டிப் பார்த்தார். "அதெல்லாஞ் சரிங்க சார். அச்சாகிப் போச்சுங்களே! கையேடு தப்புன்னு பெத்தவங்ககிட்டச் சொல்ல முடியுங்களா?"

"அச்சுக்குத் தண்ணி பயப்படாதுங்க" என்றார் இளவழகனார்.

இந்த ஒரு சொல்லுக்காக, அந்த வாரமே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

அவையோரே! அந்த அறையில் பதினோரு ஆசிரியர்கள் இருந்தோம். நீர் இறங்கியதைக் கண்ணாரக் கண்டோம். யார் வாய் திறந்தோம்? நான் திறந்தேனா? நாள்தோறும் பதிகம் ஓதும் வாய் இது! அருளிருந்தால் கல்லும் மிதக்கும் என்று மெய்யுருக நம்புகிறவன் நான். இறைவன் மிதக்கவைத்த கல்லை நம்புகிறவன், மனிதர் மிதக்கவிட்ட பொய்யைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா? நான்கே மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். எழுதட்டும்; எங்கள் பங்கை நான் அறிவேன்.

இன்று அதே நிர்வாகம் 'ஈடுசெய்ய இயலாத இழப்பு' என்றெழுதி மலர்வளையம் அனுப்பியிருக்கிறது. வெட்கமில்லையா? கையேடு இன்னும் திருந்தவில்லை! அந்தப் பெண்ணின் சுழியமும் அப்படியே நிற்கிறது!

நாளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அத்தனை பிள்ளைகள் முன்னிலையிலும் அந்தச் சோதனையை நான் செய்வேன். உள்ளே விடாவிட்டால் வாயிலில் செய்வேன். மதிப்பெண் திருத்தப்படும்வரை நாள்தோறும் செய்வேன். ஈசன் மேல் ஆணை!

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலியாம். தலைவர் பொறுத்தருள வேண்டும். அன்று நாங்கள் பதினோரு பேர் காத்த மௌனமே அவருக்குப் போதும். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். அம்மையார் செவியில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள்:

நீர்மட்டம் குறையும்!