மூணு தடவ வழிக்கணும்

ராஜராஜன்: ...ஆக மொத்தம், நாலு வருசமா ஆட்டு ரத்தத்த உறைய வக்கிறதுதான் உன் ஆராய்ச்சி. நல்லதம்பி கறிக்கடையில கேட்டிருந்தா உறைய வச்சு பொரியலாவே குடுத்துருப்பான்.

நர்மதா: உறைய வக்கிறது இல்லண்ணே, உறைஞ்சத எடுக்குறது. ரத்தக்குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு கம்பி வலை போவும். கட்டியப் புடிச்சு இழுத்துட்டு வரும்.

ராஜராஜன்: மீன் புடிக்கிறேன்னு சொல்லு. இதுக்கா டாக்டர் பட்டம்?

நர்மதா: சிமெண்டு லாரி ஓட்டுற ஆளுக்கு அவ்வளவுதான் புரியும்.

ராஜராஜன்: ரெட்டிபாளையத்துலேர்ந்து கொச்சிக்கு சீட்ட விட்டு எறங்காம ஓட்டிருக்கேன். நீ ஓட்டுவியா?

நர்மதா: அந்தப் பெருமைதான் கால்ல தெரியுதே. பூசணிக்கா கணக்கா...

ராஜராஜன்: அது சுளுக்கு!

நர்மதா: ஒத்தக் கால் மட்டும் வீங்கி, சூடா, தொட்டாலே அலறுற... சுளுக்காம்.

ராஜராஜன்: சரி, நீ சொல்ற ரத்தக்கட்டின்னே வச்சுக்க. சிமெண்டு கட்டிதட்டிப் போனா என்ன பண்ணுவோம்? மூட்டைய நாலு உருட்டு உருட்டுவோம், உதுந்துடும். அரும்பாவூர்ல சுளுக்கு எடுக்குற சின்னதுரை எண்ணெயத் தொட்டு நீவி வழிச்சா, அதே கணக்குதான்.

நர்மதா: உதுந்து எங்க போவும்? நேரா நுரையீரலுக்குப் போயி அடைச்சுக்கும்.

ராஜராஜன்: போவட்டும், ஊரச் சுத்திப் பாக்கட்டும். ...கண்ணாடிய எறக்கு.

நர்மதா: ஏசி ஓடுதுண்ணே.

ராஜராஜன்: புழுங்குது...

நர்மதா: வாசல்லேர்ந்து கார் வரைக்கும் நடந்ததுக்கா இந்த மூச்சு? அண்ணி சமையல் அப்படி. தொப்பையப் பாரு.

ராஜராஜன்: ம்... தொப்பதான்.

நர்மதா: என்ன, எதுத்துப் பேசல? மழைதான் வரப்போவுது.

ராஜராஜன்: இவ்ளோ பேசுறவ, சின்னதுரைகிட்ட கூட்டிப்போக எப்படி ஒத்துக்கிட்ட?

நர்மதா: பாசம்.

ராஜராஜன்: நம்பிட்டேன். ...ஏய், பெரம்பலூர் நாலு ரோட்டுல நேராப் போவணும். ஏன் திரும்புற?

நர்மதா: அரும்பாவூர்னது பொய்ண்ணே. ஆஸ்பத்திரின்னா நீ காருலயே ஏறிருக்க மாட்ட. ஜெயசித்ரா டாக்டர் ஸ்கேனுக்குத் தயாரா இருக்காங்க. திட்டு, கத்து, என்ன வேணா பண்ணு. ரெண்டு நாளாப் பயத்துல எனக்குச் சோறு எறங்கல. எவனும் அந்தக் கால்ல கை வக்கிறதுக்குள்ள கூட்டியாந்துட்டேன், அது போதும்.

ராஜராஜன்: கொஞ்சம் வேகமாப் போம்மா.

நர்மதா: அடடா, ஆஸ்பத்திரிக்கு இவ்ளோ ஆசையா?

ராஜராஜன்: மூணு தடவ வழிக்கணும்பாரு சின்னதுரை... இன்னைக்கு ரெண்டாந்தடவ. நேத்தே அவருகிட்ட ஒரு தடவ வழிச்சாச்சு. இந்த மூச்சு... தொப்பையால இல்ல, இன்னைக்குக் காலையிலேர்ந்துதான் இப்படி வாங்குது.