அலமாரிக்குள் இருந்த மேயரும் யாரும் சிரிக்காத பக்கமும்

(போடிநாயக்கனூர் வாசகர் வட்டம் 2009இல் நடத்திய இரங்கல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் சுருளிவேல் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் நிர்வாகக் குழுவினரே, அந்த இரண்டு சாக்குமூட்டைகளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மா ராக்கம்மாள் அவர்களே, அரைநாள் விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு பின்வரிசைக்கு வந்திருக்கும் ஏலக்காய் ஸ்டோர் பெண்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் ஏற்கெனவே ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். நானும் அந்த மூட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் வட்டத்தை நிறுவியவர், முப்பத்தோராண்டு ஆங்கில ஆசிரியர், அமரர் வைகுண்டராஜ் அவர்களைப் பற்றிப் பேச வந்தவன் மூட்டையைப் பார்ப்பானேன்? காரணம் இருக்கிறது.

மலைமேல் ஓர் எஸ்டேட் கிளப்பை மூடியபோது, பழைய சாமான்களோடு ஒரு பெட்டிப் புத்தகத்தையும் தொண்ணூற்றேழில் அவர் வாங்கிவந்தார். அத்தனையும் பிரிட்டிஷ் நகைச்சுவை நாவல்கள். அட்டையிலேயே யாராவது ஒருவர் உடை மாற்றிக்கொண்டிருப்பார். அந்தப் புத்தகங்கள்தான் மூட்டையில் இருக்கின்றன. சென்ற வாரம் அவற்றை அவர் துணைவியார் ராக்கம்மாள் அம்மா நம் நூலகத்துக்குக் கொடுக்க முன்வந்தார். நம் குழு கூடி, “இன்றைய வாசகருக்குப் பொருந்தாத கொச்சை நூல்கள், ஏற்பதற்கில்லை” என்று தீர்மானம் போட்டது. வாசகத்தை எழுதியவன் நான். எழுதுவதற்கு முன் ஒரு புத்தகத்தையாவது திறந்தேனா? இல்லை. கையெழுத்திட்டவர்கள் திறந்தார்களா? அது அவரவர் மனசாட்சிக்கு.

இன்று காலை அம்மா மூட்டைகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“செயலாளர் சார், நான் தேனிக்கு மகன் வீட்டோட போறேன். நாளைக்கு லாரி வருது. வேணுமா வேணாமான்னு கூட்டத்துல வச்சே சொல்லிருங்க. வேணாம்னா பழைய பேப்பர் கடைக்காரரு வாசல்லயே நிக்காரு.”

அவர் இப்போதும் நிற்கிறார். தராசும் வைத்திருக்கிறார்.

ஆகவே, வந்தவர்களுக்கு நாற்காலி போடும் நேரத்தில் நான் மூட்டையைப் பிரித்தேன்.

நண்பர்களே, ஓய்வுக்குப் பின் வைகுண்டராஜ் சார் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு அடுத்த ஸ்டோரில் முப்பது பெண்கள் தரையில் வரிசையாக அமர்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பார்கள். பச்சைக் காய் ஒருபுறம், வெளுத்த காய் ஒருபுறம், வெடித்த காய் ஒருபுறம். மத்தியானத்துக்கு மேல் கண் சொக்கும். தூக்கம் கலைக்க ஏதாவது பேசுங்கள் என்று ஸ்டோர் முதலாளி, வைகுண்டராஜ் சாரைக் கூப்பிட்டார். சார் இந்த நாவல்களைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். பெண்களிடமா இந்தக் கதைகள் என்று அன்று ஊரில் சிலர் கேட்டார்கள். அவர்கள் அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டதில்லை.

நமக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எந்தப் பக்கத்தில் அவர்கள் சிரித்தார்கள் என்று அவர் ஓரத்தில் பென்சிலால் தேதியோடு குறித்திருக்கிறார். பதினோரு வருடக் குறிப்பு!

ஒரு நாவலில், ஒழுக்கம் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசிக்கும் மேயர், அடுத்தவர் வீட்டு அலமாரிக்குள் சட்டையில்லாமல் ஒளிகிறார். அலமாரி ஏலத்துக்குப் போகிறது. தூக்கிப் பார்த்தவர்கள் கனத்தை நம்பி விலையை ஏற்றுகிறார்கள். ஈரக் காய் எடை கூடுதலாகக் காட்டும் என்று தெரிந்த சங்கிலியம்மாள் அன்று கேட்டதை சார் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்: “எடையப் பாத்தீகளே, ஈரம் பாத்தீகளா? நம்ம ஊரு ஏவாரின்னா கதவத் தொறந்து ஒரு கை அள்ளிப் பாக்காம எடுப்பாகளா?” அதன் கீழே: “சிரிப்பு. பச்சையும் வெடித்ததும் கலந்துபோயின. முதலாளி வருத்தம்.” இதே பக்கத்தில் 1998, 2003, 2008 என்று மூன்று தேதிகள். மூன்றிலும் சிரிப்பு.

இப்போது இங்கும் சிரித்தீர்கள். நன்று. தலைவர் சிரித்த பிறகு சிரித்தீர்களா, அதற்கு முன்பா? ஒரு காரணத்தோடுதான் கேட்கிறேன்.

இன்னொரு நாவலில், ஒரு கர்னல் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றித் துரத்துகிறார். ஆறு பக்கம் துரத்துகிறார். ஓரத்தில் 1998: “சிரிப்பு, பலமாக.” 2007இல் அதே கதையைச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் சிரிக்கவில்லை. தான் சொன்ன விதம்தான் சரியில்லை என்று நினைத்து மறுநாளும் சொன்னார். அப்போது நடந்த பேச்சை, பின்னட்டையின் உட்புறத்தில் எழுதியிருக்கிறார். பேசியவர் பாண்டியம்மாள்.

“சார், அந்தப் புள்ள எதுக்கு ஓடுது?”

“கர்னல் துரத்துறாரேம்மா.”

“அது வெளங்குது. சிரிப்பு எங்கன இருக்குன்னு கேக்கேன்.”

“ஒம்பது வருசத்துக்கு முந்தி இதே எடத்துல நீங்க எல்லாரும் சிரிச்சீங்களே?”

“அன்னைக்கு மொதலாளி வாசல்ல நின்னாக. அவுக சிரிச்சாக. நாங்க சிரிக்காம இருக்க முடியுமா? காய் பொறுக்கவா, வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகவா?”

சார் அன்று பழைய குறிப்பை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினார்: “இது சிரிப்பில்லை. நான் தவறாகக் கேட்டிருக்கிறேன்.” அதற்கும் கீழே, வேறு பென்சிலில்: “கதை சொல்வதை நிறுத்திவிடவா என்று கேட்டேன். ‘சொல்லுங்க சார், சிரிக்கத்தான் மாட்டோம். அது எப்படித் தப்பிச்சுச்சுன்னு தெரியணும்ல’ என்றார் பாண்டியம்மாள். நாவலாசிரியர் அதை எழுதவில்லை.”

பிரிட்டிஷ் கொச்சை நாவல்கள் இன்றைக்கும் நிற்குமா? இந்தக் கேள்விக்குக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் எழுதுவோம்? நானே மூன்று பக்கம் எழுதுவேன், புத்தகத்தைத் திறக்காமல். வைகுண்டராஜ் சார் பதினோரு வருடம் முப்பது பேரிடம் கேட்டார். பெரிய மனிதன் மாட்டிக்கொள்ளும் பக்கம் நிற்கிறது. ஓட இடமில்லாதவளைத் துரத்தும் பக்கம் விழுந்துவிட்டது. அது முதலிலேயே விழுந்துதான் கிடந்தது. சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை. சில சமயம் ஒரே புத்தகத்தில்.

கேட்டதைத் தவறாகக் கேட்டேன் என்று தன் கையால் எழுதிய ஆசிரியரை நான் வேறு எங்கே பார்ப்பேன்? தீர்மானப் புத்தகத்தில் இருக்கும் என் வாசகத்துக்கு இப்படி ஒரு பென்சில் குறிப்பு தேவைப்படுகிறது. தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்தை நான் திரும்பப் பெறுகிறேன். குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. குழு முழுவதும் மேடையில்தான் இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து, தாம் படித்த பக்கத்தின் எண்ணைச் சொல்லலாம்.

யாரும் எழவில்லை.

அம்மா, மூட்டைகள் நமக்கு வேண்டும். பழைய பேப்பர்காரரிடம் யாராவது சொல்லி அனுப்புங்கள். பென்சில் குறிப்பில் ஒன்றைக்கூட அழிக்காமல் வைத்துக்கொள்வோம். கர்னலும் அலமாரியில் இருக்கட்டும், சார் ஓரத்தில் எழுதியிருப்பதோடு சேர்த்து.

வரும் திங்கள்கிழமை மதியம் நான் கதை சொல்ல ஸ்டோருக்கு வருகிறேன். எனக்கு சாரளவு ஆங்கிலம் கிடையாது. கதை சொல்லும் நேரத்தில் முதலாளி வாசலில் நிற்கக் கூடாது என்று கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். கூட்டம் தொடங்குமுன் பாண்டியம்மாள் என்னிடம் வந்தார்.

“சார், நாங்க சிரிக்கலைன்னா கோவிச்சுக்கிடக் கூடாது.”

கோபித்துக்கொள்ள மாட்டேன், பாண்டியம்மாள். பென்சில் கொண்டுவருகிறேன். நீங்கள் சிரிக்கும்வரை நான் சிரிக்க மாட்டேன்.