பவளத்துக்கு அஞ்சு நிமிஷம்

ரிசப்ஷன்: அக்கா, மெதுவா... உடைஞ்சிடப் போகுது.

நர்ஸ்: கடைவாய்ப் பல்லையே உடையாம வாங்கி வச்ச கை இது. நீ வாளியை ஒழுங்காப் பிடி.

ரிசப்ஷன்: பிடிச்சிட்டுதான் இருக்கேன்.

நர்ஸ்: தெரியுது, பாதித் தண்ணி என் செருப்புல இருக்கு. க்ளவுஸ் போட்டியா?

ரிசப்ஷன்: ரெண்டு ஜோடி போட்டிருக்கேன். கண்ணாடியும் போட்டாச்சு. வளர்ப்பு மீன் கடைக்காரர் ஃபோன்ல சொன்னதுலேர்ந்து இந்தப் பவளக் கல்லைத் தொடவே பயமா இருக்குக்கா. பார்க்கப் பூ மாதிரி இருக்கு, உள்ள விஷமாம்.

நர்ஸ்: கையில காயம் இருக்கக் கூடாது, கண்ணுல தெறிக்கக் கூடாது. அவ்வளவுதான். நகரு, தூக்கறேன்... அடேயப்பா! என்னடி இது?

ரிசப்ஷன்: என்னக்கா? செத்துப் போச்சா?

நர்ஸ்: வாயைக் கழுவு. பாசியைச் சொன்னேன். கல்லு முழுக்கப் பச்சைத் தாடி வளர்ந்திருக்கு. டாக்டர் ஊருக்குப் போறப்ப ஓரத்துல ஒரு கீத்துதானே இருந்துச்சு? பதினஞ்சு நாள்ல எப்படி இப்படி ஆச்சு?

ரிசப்ஷன்: ...எனக்கெப்படித் தெரியும்?

நர்ஸ்: உன்னைக் கேக்கலை. பொதுவாக் கேட்டேன்.

ரிசப்ஷன்: மணி என்னக்கா?

நர்ஸ்: எட்டு இருபது. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி கேட்டப்ப எட்டே கால்.

ரிசப்ஷன்: பத்துக்கு டாக்டர் வந்துடுவாரு. வந்ததும் மீன் தொட்டியைப் பார்ப்பாரு. அப்புறம் என்னைப் பார்ப்பாரு.

நர்ஸ்: பார்க்கட்டுமே. நீ என்ன பார்க்கக் கூடாத மாதிரியா இருக்க?

ரிசப்ஷன்: விளையாடாதீங்கக்கா. இன்னிக்கோட எனக்கு மூணு மாசம் முடியுது. இருக்கணுமா போகணுமான்னு இன்னிக்குத்தான் சொல்லுவாரு. ஊருக்குக் கிளம்பறப்ப ஒரே ஒரு வேலைதான் சொன்னாரு. "ஃபோன் ரெண்டு தவறினாலும் பரவால்ல, தொட்டியை விட்டுடாதே"ன்னாரு.

நர்ஸ்: அவர் எல்லாரையும் அப்படித்தான் மிரட்டுவாரு.

ரிசப்ஷன்: வீட்ல வேலை நிரந்தரம் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

நர்ஸ்: எப்போ?

ரிசப்ஷன்: ...சேர்ந்த ரெண்டாவது நாள்.

நர்ஸ்: சுத்தம்.

ரிசப்ஷன்: அம்மா முகத்தைப் பார்த்தா வேற எதுவும் சொல்ல வரலை. இதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல நிக்கலையே நான். இப்ப அவங்க தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. இதுவும் போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?

நர்ஸ்: சரி சரி, அழுது வாளியில உப்பைக் கூட்டாதே. கடைக்காரர் என்ன சொன்னாரு, திரும்பச் சொல்லு.

ரிசப்ஷன்: தொட்டித் தண்ணி பத்து பங்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு. மூணு பர்சன்ட் பாட்டில்தான் எடுக்கணும். அஞ்சு நிமிஷம் முக்கி வச்சு, பிரஷ்ஷால தேச்சு, வேற தண்ணியில அலசி உள்ள வைக்கணும். தொட்டிக்குள்ள ஊத்தவே கூடாது, இறாலுங்க தாங்காதாம்.

நர்ஸ்: நாம வாய் கொப்பளிக்கக் குடுக்கறது அதே மூணுதான்.

ரிசப்ஷன்: பல்லு வெளுக்க வைக்கிற பாட்டில் இல்லையே? அது முப்பத்தஞ்சு.

நர்ஸ்: அது அலமாரியில பூட்டி இருக்கு. சாவி என் இடுப்புல. போதுமா? வாளியை வை. கலக்கறேன்... ஆச்சு. இறக்கு.

ரிசப்ஷன்: இறக்கிட்டேன். ஐயோ, நுரைக்குதுக்கா! புஸ்ஸுன்னு நுரைக்குது!

நர்ஸ்: நுரைக்கட்டும், பாசியில பட்டா நுரைக்கும். டைமரைத் திருப்பு. பல்லு அச்சு எடுக்கறப்ப வைக்கிற டைமர், அந்த மஞ்சள்.

ரிசப்ஷன்: திருப்பியாச்சு. மொட்டெல்லாம் மூடிக்குது பாருங்க. ஒவ்வொண்ணா மூடிக்குது...

நர்ஸ்: முகத்துல சோடா அடிச்சா நீயும் கண்ணை மூடிப்ப.

ரிசப்ஷன்: அக்கா.

நர்ஸ்: என்ன?

ரிசப்ஷன்: ஏதோ வாசனை வரலை?

நர்ஸ்: கடல் வாசனைதான்.

ரிசப்ஷன்: இல்லை... புதினா மாதிரி.

நர்ஸ்: வெளிய எடு.

ரிசப்ஷன்: என்ன?

நர்ஸ்: எடுடி வெளிய! கலக்கிட்டு வழக்கம் போல ரெண்டு சொட்டு புதினா விட்டுட்டேன்!

ரிசப்ஷன்: அக்கா!

நர்ஸ்: கை தானாப் போயிடுச்சு! பதினாறு வருஷமா பெராக்சைடு கலக்கினா அடுத்தது புதினாதான். இல்லைன்னா பேஷண்ட் துப்பிடுவாங்க. நான் என்னத்தைக் கண்டேன், இன்னிக்குப் பேஷண்ட் ஒரு கல்லுன்னு!

ரிசப்ஷன்: போச்சு. எல்லாம் போச்சு. எவ்வளவு நேரம் இருந்துச்சு?

நர்ஸ்: டைமரைப் பாரு.

ரிசப்ஷன்: முக்கால் நிமிஷம்.

நர்ஸ்: அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. அந்த வெள்ளை டப்பால நல்ல தொட்டித் தண்ணி இருக்கு, அதுல அலசு. இன்னொரு தரம்... நான் புதுசாக் கலக்கறேன். என் கையைப் பார்த்துக்கிட்டே இரு. புதினா பக்கம் போச்சுன்னா அடி.

ரிசப்ஷன்: பார்த்துக்கிட்டே இருக்கேன். தண்ணி... பெராக்சைடு... அக்கா, போகுது, கை போகுது!

நர்ஸ்: மூக்கைச் சொறிஞ்சேன்டி! இறக்கு. டைமர்.

ரிசப்ஷன்: ஆச்சு. இனிமே நான் மூச்சே விட மாட்டேன்.

நர்ஸ்: மூச்சு விடு, மயங்கி விழுந்தா உன்னையும் நான்தான் தூக்கணும். அந்த வாய்க்கண்ணாடியைக் குடு. அடியில என்னவோ ஒட்டியிருக்கு... பார்த்தியா? நத்தை மாதிரி, ஓடு இல்லாம.

ரிசப்ஷன்: நெளியுதே!

நர்ஸ்: கடைக்காரர் சொன்ன பூச்சி இதுதான். மொட்டைத் தின்னுமாம். இடுக்கி குடு... வந்துட்டான். இன்னும் ஒண்ணு... இந்தா, இவனும் வந்துட்டான். பல்லிடுக்குல இருக்கறதை எடுக்கற மாதிரிதான்.

ரிசப்ஷன்: நான் பிரஷ்ஷால தேய்க்கறேன்.

நர்ஸ்: குழந்தைங்க பிரஷ்ஷா எடு, அதுதான் மெத்துன்னு இருக்கும். கல்லை மட்டும் தேய், மொட்டைத் தொடாதே.

ரிசப்ஷன்: டைமர் அடிச்சிடுச்சு!

நர்ஸ்: அலசு. உள்ள வை. அவர் வச்ச அதே இடத்துல, அதே பக்கம் பார்த்து.

ரிசப்ஷன்: வச்சாச்சு. ...ஒண்ணுகூடத் திறக்கலையே.

நர்ஸ்: இப்பதானே வச்ச! மணிக்கணக்கா ஆகும், சிலது ரெண்டு நாள்கூட எடுக்கும்னு நீதானே சொன்ன?

ரிசப்ஷன்: ரெண்டு நாளா? டாக்டர் தினமும் மொட்டை எண்ணுவாருக்கா. மூணோட வாங்கினாராம், முப்பத்தோரு மொட்டு ஆயிருக்கு. இன்னிக்கு எண்ணினா பூஜ்யம்.

நர்ஸ்: உட்காரு. தண்ணி குடி. ...மீன் தீனி டப்பா எங்க? ரெண்டு மீனும் பயந்து போய் மூலையில நிக்குது, கொஞ்சம் போடுவோம்.

ரிசப்ஷன்: வேண்டாம்! நான் போட்டுக்கறேன். குடுங்க.

நர்ஸ்: நில்லு. என்ன இது, அடி தெரியுது? அவர் கிளம்பின அன்னிக்குப் பிரிச்ச டப்பா. மூணு மாசம் வரணும்.

ரிசப்ஷன்: டப்பாவைக் குடுங்கக்கா.

நர்ஸ்: என்னைப் பாரு.

ரிசப்ஷன்: பசங்க அழறாங்கக்கா.

நர்ஸ்: எந்தப் பசங்க?

ரிசப்ஷன்: இங்க காத்திருக்கற பசங்கதான். உள்ள டாக்டருக்குப் பதிலா வந்த ஜூனியர் டாக்டர் மிஷின் போட்ட சத்தம் கேட்டதும் ஒண்ணு ஆரம்பிக்கும், அதைப் பார்த்து இன்னொண்ணு. நான் ஆளுக்கு ஒரு சிட்டிகை கையில குடுத்து, "நீ போடு, மீனு உன்கிட்ட வரும் பாரு"ன்னு சொல்லுவேன். உடனே நிறுத்திடுவாங்க. அப்புறம் அடுத்தவன் எனக்கும்பான்...

நர்ஸ்: ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான்னு அவர் எழுதி ஒட்டியிருக்காரு!

ரிசப்ஷன்: தெரியும். நேத்துதான் கடைக்காரர் சொன்னாரு, தின்ன மீந்த தீனிதான் பாசிக்கு உரம்னு. மருந்து பாசியை எரிக்குமாம். தீனியைக் குறைக்கலைன்னா திரும்ப வருமாம். அதை மட்டும் உங்ககிட்டச் சொல்லலை.

நர்ஸ்: ஏன்டி சொல்லலை?

ரிசப்ஷன்: நீங்களாவது என்னை நல்லவள்னு நினைச்சிட்டு இருக்கட்டும்னுதான்.

நர்ஸ்: ...பைத்தியம். கண்ணைத் துடை.

டாக்டர்: கதவு திறந்தே கிடக்கு! யாரு உள்ள?

ரிசப்ஷன்: டாக்டர்! பத்து மணிக்குன்னு...

டாக்டர்: பஸ் சீக்கிரம் வந்துடுச்சு. என்ன, தரையெல்லாம் ஈரம்? ...தொட்டியில என்ன புதினா வாசனை? யாரு இதுக்கு வாய் கழுவி விட்டது?

நர்ஸ்: நான்தான், டாக்டர். பாசி ஏறிடுச்சு, பெராக்சைடுல முக்கி எடுத்தோம். கை தவறி...

ரிசப்ஷன்: அக்கா மேல தப்பில்லை, டாக்டர். பாசி வந்ததே என்னாலதான். அழற பசங்களுக்கெல்லாம் தீனி குடுத்துப் போடச் சொன்னேன். டப்பாவே காலி. நீங்க சொன்ன ஒரே வேலையை நான்... நானே என் பையை எடுத்துட்டுப் போயிடறேன்.

டாக்டர்: இரு. பதினஞ்சு நாள்ல பசங்க மட்டும் ஒரு டப்பாவைக் காலி பண்ணிட்டாங்களா?

நர்ஸ்: ...இல்லை. அந்த ஜூனியர் டாக்டர் கத்தறப்பல்லாம் நானும் வந்து ஒரு சிட்டிகை போட்டுடுவேன். திருப்பிப் பேசாம இருக்க வேற வழி தெரியலை.

ரிசப்ஷன்: அக்கா! இவ்வளவு நேரம் என்னை மட்டும் மிரட்டினீங்க?

நர்ஸ்: மிரட்டறப்பல்லாம் உள்ளுக்குள்ள உதறிட்டுதான் இருந்துச்சு.

டாக்டர்: சிஸ்டர், நான் கத்தறப்ப?

நர்ஸ்: ...அப்பவும் ஒரு சிட்டிகைதான், டாக்டர்.

டாக்டர்: ம்.

ரிசப்ஷன்: ஒண்ணு திறக்குது! ஓரத்துல, அந்தச் சின்னது... பாருங்க டாக்டர், திறக்குது!

டாக்டர்: பார்த்தேன். மத்ததும் திறக்கும். ...நீ உள்ள போய் என் மேசையில கீழ் டிராயரைத் திற.

ரிசப்ஷன்: எதுக்கு டாக்டர்? என் ஃபைலா?

டாக்டர்: திறம்மா.

ரிசப்ஷன்: ...டாக்டர், இங்கயும் ஒரு தீனி டப்பா இருக்கு. இதுவும் பாதி காலி.

டாக்டர்: நான் போறப்பவே ஓரத்துல ஒரு கீத்துப் பாசி இருந்துச்சே, அது என் வேலை. இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பல்லு பிடுங்கற நாள் காலையில எனக்குக் கை நடுங்கும். மீன் வந்து திங்கறதைப் பார்த்தாதான் நிக்கும். இன்னிக்கு முதல் பேஷண்டுக்கே ரெண்டு கடைவாய்ப் பல்லு... அந்த டப்பா ரெண்டையும் உன் மேசையில வச்சுப் பூட்டு. நாளையிலேர்ந்து சாவி உன்கிட்டதான் இருக்கணும், நான் கெஞ்சினாலும் குடுக்காதே.